எறும்பு பொய் சொல்லாது

"நேற்றுப் பதினாலு. இண்டைக்கு எண்ணவே ஏலாது!"

கக்கூஸ் வாசலில் குந்தியிருந்தபடி இராசேஸ்வரி கத்தியது கிணற்றடியில் பல் விளக்கிக்கொண்டிருந்த கணவர் வீரகத்திக்கு மட்டுமல்ல, வேலிக்கு அப்பால் முற்றம் கூட்டிக்கொண்டிருந்த கமலாசனிக்கும் நன்றாகக் கேட்டது. வீரகத்தி வாயிலிருந்த நுரையைத் துப்பவும் மறந்து நின்றார்.

"என்னப்பா எண்ண ஏலாது?"

"எறும்பு! சுவர்க் கரையால வரிசையா வந்து கக்கூஸ் கோப்பையைச் சுத்தி நிக்குது. உண்மையைச் சொல்லுங்கோ, நேற்று என்ன திண்டனீங்கள்?"

"நீ தந்ததைத்தான் திண்டனான். குரக்கன் புட்டும் பாவற்காய்க் கறியும்."

"பாவற்காய்க்கு எறும்பு வருமே?"

முரசுமோட்டையில் ஆறு ஏக்கர் வயல் செய்கிற மனிதர், அறுபத்திரண்டு வயதில், தன் சிறுநீரைப் பற்றித் தினமும் விடியற்காலையில் விசாரணைக்கு நிற்க வேண்டி வரும் என்று கனவிலும் நினைத்திருக்கமாட்டார். நுரையைத் துப்பிவிட்டு வாயைக் கொப்பளித்தார். வேலிக்கு அப்பால் விளக்குமாற்றுச் சத்தம் நின்றுபோயிருந்தது.

இது தொடங்கியது வைகாசியில். கால் விறைக்குது என்று கிளினிக்குக்குப் போனவருக்கு, வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில் சீனி இருநூற்று நாற்பது என்றார்கள். டொக்டர், இவர்களின் மகள் கஜனியைவிட இரண்டு மூன்று வயது கூடிய பிள்ளையாக இருக்கும். கொப்பியில் எழுதிக்கொண்டே சொன்னாள்: "குளிசை தாறன் ஐயா. சாப்பாட்டைக் குறையுங்கோ, இனிப்பை விடுங்கோ. காலில சின்னக் காயம் வந்தாலும் உடன வாங்கோ. கால் கவனம்."

இதில் கூடப் போன இராசேஸ்வரிக்குக் கேட்டது கடைசி இரண்டு சொல்லுத்தான். ஏனென்றால் அடுத்த ஒழுங்கையில் அப்புத்துரை இருந்தார்.

அப்புத்துரை கடைசிச் சண்டையில் மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் ஒரு கீறல் இல்லாமல் கூட்டிக்கொண்டு வெளியே வந்தவர். ஊரே அதைச் சொல்லிச் சொல்லி வியக்கும். அப்படி வந்தவருக்குச் சீனி வருத்தம் வந்து, போன வருடம் பெருவிரலில் செருப்புக் கடித்தது. விரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை எடுத்தார்கள், பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். எடுத்த காலைத் துணியில் சுற்றி மனைவியிடம் கொடுக்க, அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் வந்து, சொந்தக்காரரைக் கூப்பிட்டு வளவுக்குள் புதைத்தாள். "செல்லடிக்குத் தப்பின கால், தங்கச்சி. தேத்தண்ணியால போயிட்டுது" என்று சொல்லி அப்புத்துரை சிரிப்பார். இராசேஸ்வரிக்கு ஒரு நாளும் சிரிப்பு வந்ததில்லை.

அவளுக்கு வீரகத்தியின் கால் என்பது சும்மா கால் அல்ல. பத்து வயதுக் கஜனியைத் தோளில் தூக்கி, மகன் விதுசனைக் கையில் பிடித்து, அவளையும் இழுத்துக்கொண்டு, சேற்றுக்குள்ளாலும் சனத்துக்குள்ளாலும் நடந்த கால் அது. அந்தக் காலைச் சீனியிடம் கொடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியாது.

அந்த நேரத்தில்தான் கமலாசனி வேலிக்கு மேலால் தலையை நீட்டி ஒரு விஞ்ஞானம் சொன்னாள்.

"சீனி வருத்தக்காரர் ஒண்டுக்குப் போன இடத்தில எறும்பு மொய்க்குமடி. என்ர மாமிக்கு அப்பிடித்தான் கண்டுபிடிச்சது. ஊசியும் இல்லை, கொப்பியும் இல்லை."

அன்றிலிருந்து வீரகத்திக்கு வேலிக்கரை தடை, வாய்க்கால்கரை தடை. வயலில் நின்றாலும் வீட்டுக்கு வந்துதான் போக வேண்டும். வீட்டில் இருப்பது அவர்கள் இரண்டு பேர்தான். கஜனி கலியாணம் முடித்து உருத்திரபுரத்தில், விதுசன் பிரான்சில். ஆகவே இராசேஸ்வரிக்குப் புலனாய்வுக்கு வேண்டிய நேரம் இருந்தது.

முதல் வேலையாகச் சீனிப் போத்தலைக் குசினியிலிருந்து எடுத்து அலுமாரிக்குள், கூறைச்சேலைக்குக் கீழே ஒளித்து வைத்தாள். மூன்றாம் நாள் எறும்பு கூறைச்சேலைக்குள் குடி வந்துவிட்டது. சேலையை வெயிலில் போட்டு உதறி, போத்தலைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தாள்.

அடுத்தது தேத்தண்ணி. முப்பத்தைந்து வருடமாக இரண்டு கோப்பைக்கும் மூன்று மூன்று கரண்டி போட்டுப் பழகிய கை, மறதியில் வீரகத்தியின் கோப்பைக்கும் போட்டுவிடும். "ஐயோ, போட்டிட்டன்" என்று அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு அவருக்கு வேறு ஊற்றுவாள். சண்டைக்குப் பிறகு செட்டிகுளம் அகதி முகாமில் ஓர் அகப்பை சோற்றுக்கு வெயிலில் வரிசையில் நின்றவள் அவள். ஊற்றின தேத்தண்ணியை நிலத்தில் கொட்டு என்றால் அவளால் ஏலாது. சோறும் அப்படித்தான். ஒரு சுண்டு அரிசி போட்ட பானையில் வீரகத்தி இப்போது இரண்டு அகப்பைதான் சாப்பிட்டார். மிச்சத்தை நாய்க்குப் போட மனம் வருமா?

கஜனி கொண்டுவந்த கேக், விதுசன் ஆள் மூலம் அனுப்பிய சொக்லேட் பெட்டி, பாதி முடிந்த ரின்பால் எல்லாவற்றையும் வீரகத்தியின் கண்ணில் படாமல் அப்புறப்படுத்தும் பொறுப்பும் அவளுடையதாயிற்று. இரண்டு நாளில் வீட்டில் ஒரு துண்டு இனிப்பு இல்லை. மூன்றாம் நாள் காலை போய்ப் பார்த்தாள். எறும்பு அப்போதும் வரிசையாக நின்றுகொண்டிருந்தது.

"கள்ளத்தனமா எங்கையோ திங்கிறார்" என்று முடிவு கட்டினாள்.

அந்த முடிவு பிழையும் இல்லை. சந்தியில் தவராசாவின் தேத்தண்ணிக் கடையில், பின்பக்க வாங்கில் குந்தி, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு வீரகத்தி இனிப்பு வாய்ப்பனும் பால் தேத்தண்ணியும் சாப்பிட்டதைக் கமலாசனியின் மருமகன் கண்டான். கமலாசனிக்குத் தெரிந்தது இராசேஸ்வரிக்குத் தெரிய ஒரு வேலியின் உயரந்தான்.

சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்க் கடை வாசலில் இறங்கினாள். வாங்கில் இருந்த ஏழெட்டுப் பேர் பேப்பரைத் தாழ்த்தினார்கள்.

"தவராசா அண்ணை, இனி இந்த மனிசனுக்கு இனிப்புக் குடுத்தியள் எண்டால், இவற்ற காலை வெட்டுற அண்டைக்கு உங்களையும் கூட்டிக்கொண்டுதான் ஆசுபத்திரிக்குப் போவன். காலின்ர ஒரு பக்கத்தை நீங்கள்தான் பிடிக்க வேணும்!"

தவராசாவுக்கு வேர்த்துவிட்டது. "எனக்குத் தெரியாது தங்கச்சி, சத்தியமா. இனி வெறும் சுடுதண்ணிதான் குடுப்பன். வெயிலுக்க வந்திட்டியள், இந்தாங்கோ, ஒரு சோடா குடியுங்கோ."

அவளுக்கும் தாகமாகத்தான் இருந்தது. ஆவணி வெயில், மழை கண்டு நாலு மாதம், கிணற்றுத் தண்ணீர் குடித்தாலும் குடித்தாலும் தொண்டை நனைவதில்லை. ஒன்றைக் குடித்துவிட்டு இன்னொன்றும் வாங்கிக் குடித்தாள். தவராசா காசு வேண்டாம் என்றுவிட்டார்.

வீரகத்தி அன்றோடு கடைப் பக்கம் போகவில்லை. ஆனால் அடுத்த நாள் காலை எறும்பு இருபது.

"சாமி சத்தியமா நான் ஒண்டும் தின்னேல்லையப்பா" என்றார் வீரகத்தி. சாமி என்றதும் அவளுக்குப் பொறி தட்டியது. கோவில்!

ஆவணிச் சதுர்த்தி அன்று பிள்ளையார் கோவிலில் மோதகமும் சர்க்கரைப் பொங்கலும். வரிசையில் வீரகத்தி கையை ஏந்த, ஐயர் அகப்பையை நீட்ட, நடுவில் இராசேஸ்வரி புகுந்தாள்.

"ஐயா, இவருக்கு வேண்டாம்! இவருக்குச் சீனி!"

கோவில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஐயர் நல்ல மனிதர். பிரசாதத்தைத் திருப்பி எடுக்கக்கூடாது என்று வீரகத்தியின் பங்கையும் சேர்த்து அவளுடைய பெட்டியில் போட்டார். வீட்டில் வைத்தால் வீரகத்தி எடுப்பார் என்று, வருகிற வழியிலேயே, மதகில் குந்தியிருந்து அவள் அதை முடித்தாள். வீரகத்தி எட்டு முழம் முன்னால், திரும்பிப் பார்க்காமல் நடந்து போனார். அன்றைக்குப் பிறகு கோவிலுக்கும் போகவில்லை, செத்த வீட்டுக்கும் போகவில்லை. வயல், வீடு, கக்கூஸ். அவ்வளவுதான் அவருடைய உலகம்.

அந்த மாதக் கிளினிக்குக்கு அவர் தனியாகப் போய்விட்டு, மாதக்கணக்கில் காணாத சிரிப்போடு திரும்பி வந்தார்.

"நூற்றிப் பதினைஞ்சு! டொக்டர் பிள்ளை கை தந்தவா!"

"ரெண்டு நாள் பட்டினி கிடந்திட்டுப் போனால் ஆருக்கும் நூற்றிப் பதினைஞ்சுதான்."

இது அவள் இட்டுக்கட்டிய கதை அல்ல. கிளினிக் வாங்கில் இருப்பவர்களில் பாதிப்பேர் செய்கிற வேலைதான். மாதம் முழுக்க விரும்பியதைத் தின்றுவிட்டு, கிளினிக்குக்கு இரண்டு நாள் முந்தி வாயைக் கட்டி, நல்ல இலக்கத்தை வாங்கிக்கொண்டு, திரும்பும் வழியிலேயே றோல்ஸ் வாங்குவார்கள். அப்புத்துரையின் கொப்பியிலும் காலை எடுக்கிற மாதம் வரைக்கும் நல்ல இலக்கங்கள்தான் இருந்தன.

"நான் பட்டினி கிடக்கேல்லையப்பா. நீயே பார்த்தனீதானே?"

"கொப்பி பொய் சொல்லும். எறும்பு பொய் சொல்லாது."

வீரகத்தி கொப்பியை மடித்து வைத்துவிட்டு வயலுக்குப் போனார். அவருடைய முதுகைப் பார்க்க அவளுக்குக் கவலையாகத்தான் இருந்தது. ஆனால் கவலைப்பட்டால் கால் நிற்காதே.

காவல் வேலை அவளையும் சும்மா விடவில்லை. சட்டைகள் தொளதொளத்தன. படி ஏறினால் களைத்தது.

"என்னடி இப்பிடி மெலிஞ்சு போனாய்?" என்று கமலாசனி கேட்டாள்.

"மனிசனைக் காவல் காத்துப் பார், தெரியும். இரவில மூண்டு தரம் எழும்புறன். எழும்பின கையோட இவர் குசினிக்க போயிருக்கிறாரோ எண்டும் பார்த்திட்டுத்தான் படுக்கிறன். நித்திரை எங்க?"

"உன்னைப் போல ஒருத்தி கிடைக்க அந்த மனிசன் குடுத்து வைக்க வேணும். தேத்தண்ணியைப் பனங்கட்டி கடிச்சுக் குடி, தெம்பு வரும். சீனிதான் கூடாது. பனங்கட்டி மருந்து."

இராசேஸ்வரி பனங்கட்டியும் கடித்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் எண்ணவே முடியாத அந்தக் காலை வந்தது. கக்கூஸ் வாசலில் குந்தியிருந்தவளுக்குக் கண்ணீர் முட்டியது. குரக்கனுக்கும் மசியவில்லை, பாவற்காய்க்கும் மசியவில்லை. சாப்பாட்டால் முடியாததை மருந்தால்தான் முடிக்க வேண்டும். நேரே அப்புத்துரை வீட்டுக்குப் போனாள்.

"என்ர பழைய குளிசை அரைப் பை கிடக்குது" என்றார் அப்புத்துரை. "காலை எடுத்தாப் பிறகு எனக்கு ஊசிக்கு மாத்திட்டினம். நல்ல பலமான குளிசை தங்கச்சி. கொண்டு போ, வீணாப் போகக்கூடாது."

அந்தப் பலமான குளிசை அப்புத்துரையின் காலைக் காப்பாற்றவில்லையே என்று அவள் யோசிக்கவில்லை. வீணாகக்கூடாது என்ற சொல் அவளுக்குப் போதும். வீரகத்தியின் குளிசையை இரண்டு மடங்காக்கி, அதோடு அப்புத்துரையின் குளிசையும் ஒன்று சேர்த்து, இரவுச் சோற்றை ஓர் அகப்பையாகக் குறைத்தாள். வீரகத்தி ஏன் என்று கேட்கவில்லை. மூன்று மாதத்தில் கேள்வி கேட்கிற பழக்கமே அவரை விட்டுப் போயிருந்தது.

மூன்றாம் நாள் காலையும் எறும்பு குறையவில்லை. கூடியிருந்தது.

"இண்டைக்குக் கையும் களவுமாப் பிடிக்கிறன்" என்று, வீரகத்தி வயலுக்குப் போய் இரண்டு மணித்தியாலம் கழித்து, சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். வரம்பில், நாவல் மரத்துக்குக் கீழே, வீரகத்தி இருந்தார். மடியில் ஏதோ இருந்தது. சைக்கிளை மெதுவாகச் சரித்துவிட்டுப் பூனை நடையில் போய் எட்டிப் பார்த்தாள்.

பாதி கடித்த வெள்ளரிப்பிஞ்சு.

"இதை ஏன் ஒளிச்சிருந்து திங்கிறியள்?"

வீரகத்தி நிமிர்ந்து அவளைப் பார்த்தார். சேட்டு வேர்வையில் தோய்ந்து நனைந்திருந்தது. கை நடுங்கியது. "நீ… ஆர்…" என்று நாக்குக் குழற ஏதோ சொன்னார். எழும்பப் பார்த்தார், தள்ளாடி மறுபடி இருந்தார்.

இராசேஸ்வரிக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"கள்ளு! கள்ளு குடிச்சிருக்கிறியள்! அதுதானே எறும்பு!"

குனிந்து வாயை மணந்து பார்த்தாள். கள்ளு மணக்கவில்லை. வெள்ளரிக்காய்தான் மணத்தது. அவர் அப்படியே அவளுடைய கைக்குள் சரிந்தார், கண் மேலே போனது.

அவள் கத்திய சத்தத்தில் பக்கத்து வயலில் உழுதுகொண்டிருந்த கோகுலன் மெசினை நிற்பாட்டிவிட்டு ஓடி வந்தான். உழவு மெசினில் இழுவைப் பெட்டியைப் பூட்டி அவரைத் தூக்கிக் கிடத்தினார்கள். "அண்ணை! அண்ணை!" என்று கோகுலன் கன்னத்தில் தட்ட, இராசேஸ்வரி தலையை விட்டுவிட்டுக் கால்மாட்டில் இருந்து இரண்டு பாதங்களையும் மடியில் அணைத்துக்கொண்டாள்.

"பெட்டித் தகரம் வெட்டிப் போடும் தம்பி, மெதுவா ஓடு! இவற்ற கால்! கால் கவனம்!"

"அக்கா, ஆள் சாகக் கிடக்குது, நீங்கள் காலைக் கதைக்கிறியள்!" என்று கோகுலன் மெசினை முறுக்கினான்.

ஆசுபத்திரியில் விரலில் குத்திப் பார்த்த நேர்ஸ் ஒரு முறை சத்தமாக இலக்கத்தைச் சொன்னாள். முப்பத்தெட்டு. நாலு பேர் ஓடி வந்தார்கள். கையில் ஊசி ஏறியது. அதற்குப் பிறகு நடந்த எதுவும் இராசேஸ்வரிக்குச் சரியாகத் தெரியாது. சுவரோடு ஒட்டி நின்று, இவரை நான் கொன்றுபோட்டன், நான்தான் கொன்றுபோட்டன் என்று நடுங்கிக்கொண்டிருந்தாள். சண்டைக்குள்ளும் அவள் அப்படி நடுங்கியதில்லை.

அரை மணித்தியாலத்தில் வீரகத்தி கண்ணைத் திறந்து, "வெள்ளரிக்காய் எங்க?" என்றார்.

அதே டொக்டர் பிள்ளைதான் வந்தாள். இராசேஸ்வரி முந்தானை முடிச்சிலிருந்த குளிசைகளை எடுத்து நீட்டி எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். டொக்டருக்கு முகம் சிவந்தது.

"மற்ற ஆக்களின்ர குளிசையைக் குடுக்கிறதோ அம்மா? இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் ஆள் இல்லை. இவருக்குச் சீனி கூடேல்லை, குறைஞ்சுதான் விழுந்தவர்."

"இல்லை டொக்டர், கொப்பியை நம்பாதேங்கோ. அண்டைக்குப் பட்டினி கிடந்து—"

"பட்டினி கிடந்து ஏமாத்துவினம் எண்டு எங்களுக்கும் தெரியும். அதுக்குத்தான் போன மாதம் வேற ஒரு சோதனைக்கும் இரத்தம் எடுத்தனாங்கள். மூண்டு மாதச் சீனியையும் அது காட்டிக் குடுக்கும். இந்தக் கிளினிக்கில இவரைப் போல வாயைக் கட்டின ஒருத்தர் இல்லை. இவற்ற காலுக்கு ஒண்டும் வராது, பயப்பிடாதேங்கோ."

இவற்ற காலுக்கு ஒன்றும் வராது. இராசேஸ்வரி அந்த இடத்திலேயே கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். மூன்று மாதமாக இந்த ஒரு வசனத்துக்காகத்தான் அவள் கக்கூஸ் வாசலில் குந்தியிருந்தாள். டொக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

நேர்ஸ் ஐந்து கரண்டி சீனி போட்ட தேத்தண்ணி கொண்டுவந்து வீரகத்தியின் கையில் கொடுத்தாள். அவர் பாதி குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"ஏலாதப்பா. தித்திக்குது."

"கொட்டக்கூடாது. கொண்டாங்கோ" என்று வாங்கினாள் இராசேஸ்வரி. ஓடி வந்த களைப்பு, அழுத களைப்பு, தொண்டையோ காய்ந்து கிடந்தது. ஒரே மிடறில் குடித்துவிட்டு அடியில் கரையாமல் கிடந்த சீனியை விரலால் வழித்து நக்கினாள். அப்போதுதான் அவளுக்கு அந்தச் சந்தேகம் மறுபடி வந்தது.

"எல்லாம் சரி. அப்ப அந்த எறும்பு?"

வீரகத்தி கண்ணை மூடிக்கொண்டார். நேர்ஸ் போய்விட்டாள். கேட்க இருந்தது, கட்டிலுக்குக் கீழே நிலம் துடைத்துக்கொண்டிருந்த பெண் மட்டுந்தான்.

"நீ சொல்லு பிள்ளை. மூண்டு மாதமா ஒவ்வொரு நாளும் விடிய நான் என்ர கண்ணால பார்க்கிறன். கக்கூஸ் முழுக்க எறும்பு. இந்த மனிசன் ஒரு இனிப்பும் தின்னேல்லை எண்டால் அது எப்பிடி வரும்?"

அந்தப் பெண் துடைப்பதை நிறுத்தினாள். இராசேஸ்வரியின் தொளதொளத்த சட்டையைப் பார்த்தாள், கையிலிருந்த வெறும் கோப்பையைப் பார்த்தாள்.

"அந்தக் கக்கூசுக்கு வேற ஆர் போறவை, அம்மா?"